“வாக்கிங் போங்கள்” என்பது மருந்துச் சீட்டு ஆகாது: மருத்துவர்களுக்கு ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவரின் திறந்த மடல்

மருத்துவர் பெருமக்களுக்கு,

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், மூட்டு என்று எங்கள் வயதுக்காரர்களை நாள்தோறும் பார்க்கிறவர்கள் நீங்கள். உங்களில் ஒருவர் சென்ற மாதம் எழுதிய சீட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஜெராக்ஸ்தான்; அசல் அதற்கு உரியவரிடம் இருக்கிறது. மேல்பாதியில் வலது கால் கட்டைவிரல் எடுக்கப்பட்ட விவரம், ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள், கட்டு மாற்ற வரவேண்டிய தேதிகள். கீழே ஊதா மையில், சற்றுச் சாய்வாக ஒரு ரப்பர் முத்திரை: “உணவுக் கட்டுப்பாடு அவசியம். தினமும் 45 நிமிடம் நடைப்பயிற்சி செய்யவும்.”

விரலை எடுத்து ஒன்பது நாள் ஆனவருக்கு இது.

முத்திரை குத்தியது டாக்டர் இல்லை, வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண் என்று சொல்வீர்கள். எனக்கும் தெரியும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெண் சீட்டைப் பார்ப்பதுகூட இல்லை. இடது கையால் இழுத்து வலது கையால் குத்தி அடுத்ததற்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எந்த நோயாளிக்கும் யோசித்து எழுதாத ஒன்றை அவர் எல்லோருக்கும் யோசிக்காமல் குத்துகிறார்.

நான் கும்பகோணத்துக்காரன். அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். விரலை இழந்தவர் என் டிரைவர். அப்படிச் சொல்லித்தான் பழக்கம். அவரும் என்னை ‘என் கண்டக்டர்’ என்பார். கும்பகோணம் – தஞ்சாவூர் தடத்தில் பதினொரு ஆண்டுகள் சேர்ந்து ஓடினோம். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை என்று ஒரு விசிலுக்கு நிறுத்தி, இரண்டு விசிலுக்கு எடுத்து, அத்தனை வருடமும் பிரேக்கை மிதித்த கால் அந்த வலது கால்தான்.

அவருக்கு 46 வயதில் சர்க்கரை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மருத்துவரிடம் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது கதவருகே ஒரு சொல் வரும்: “வாக்கிங் போங்கள்.” பணியில் இருக்கும்வரை அவரால் முடியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு முதல் நடை எடுக்கிறவன் எப்போது நடப்பது? ஓய்வு பெற்றதும் சொன்ன சொல்லைத் தட்டக் கூடாது என்று கிளம்பினார். அவர் அப்படிப்பட்டவர். டைம் கீப்பர் 5.10 என்றால் 5.10-க்கு வண்டி நகரும்.

எங்கே நடப்பது? எங்கள் தெரு நேராகப் பெரிய சாலையில் போய் முட்டுகிறது. நடைபாதை கிடையாது. விடியற்காலையில் நாய்கள், விடிந்தபின் லாரிகள். ஒருநாள் நாய்கள் துரத்தி வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு சிவன் கோயில் வெளிப்பிராகாரம் என்று முடிவு செய்தார். வண்டி இல்லை, நாய் இல்லை, நாலு பேர் இருப்பார்கள், போனதற்குச் சாமியையும் கும்பிட்டு வரலாம். மாலை நான்கு மணிக்கு நடை திறந்ததும் உள்ளே போய்விடுவார். கோயில் என்பதால் வெறுங்கால். சித்திரை மாதம். கால் சுடாமலிருக்க வெள்ளை அடித்த பட்டை உண்டு. ஆனால் அதில் சேவார்த்திகள் வரிசையாக வருவார்கள். இவர் வேகமாக நடக்கிறவர், இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று ஒதுங்கி வெறும் கருங்கல்லில் எட்டுச் சுற்று நடந்தார்.

“கல் சுடவே இல்லை கண்டக்டரே, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது” என்று என்னிடம் சொன்னார். நடந்து நடந்து உடம்பு தேறிவிட்டதன் அடையாளம் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனவர்கள் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

கொப்புளத்தை அவர் பார்க்கவில்லை. அவர் மனைவிதான், கூடத்துச் சிமெண்ட் தரையில் ஒற்றைக் காலின் ஈரத் தடம் வரிசையாகப் போவதைக் கண்டு, “எங்கே மிதித்துவிட்டு வந்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து ஐந்தாவது வாரம் விரலை எடுத்தார்கள். எடுத்த பிறகு ஒரு நர்ஸ், பேனா போன்ற பிடியில் நைலான் இழை ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு உள்ளங்காலிலும் பத்து இடத்தில் தொட்டு, “தெரிகிறதா, தெரிகிறதா?” என்று கேட்டார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழையாம். நான் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கச் சொல்லி அன்றுதான் எழுதித் தந்தார்கள்.

இத்தனை வருடத்தில் யாரும் அவர் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. “எங்கே நடக்கிறீர்கள்? காலில் என்ன போட்டுக்கொண்டு?” என்று ஒருவர் கேட்டிருந்தால், இந்த மடலுக்கு வேலையே இருந்திருக்காது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் கோபத்துக்காக மட்டும் எழுதவில்லை. மாத்திரை எழுதும்போது நீங்கள் எத்தனை கவனமானவர்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். பெயர், மில்லிகிராம், 1-0-1, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், அடுத்து எப்போது வரவேண்டும். ஒரு வரியில் இவ்வளவும் இருக்கும். ‘மாத்திரை சாப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி எந்த மருத்துவரும் நோயாளியை அனுப்ப மாட்டார். நடைக்கு மட்டும் ஏன் அப்படி? நானும் சீட்டுக் கிழித்தவன். எங்கே ஏறினார், எங்கே இறங்குவார், எவ்வளவு என்று இல்லாத காகிதத்தைப் பயணியிடம் நீட்டி ‘இதுதான் டிக்கெட்’ என்று என்னால் சொல்ல முடியுமா?

அளவில்லாமல் சொன்னதன் பலனை நானும் அனுபவித்தேன். எனக்குச் சர்க்கரை வந்தது ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு. காலையில் சாப்பாட்டுக்கு முன் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. கூடவே அந்தக் கதவருகே வரும் சொல். இரண்டையும் நான் ஒழுங்காகவே செய்தேன்: ஐந்தரை மணிக்கு மாத்திரை, உடனே நடை, ஏழரைக்கு வீடு திரும்பி இட்லி. மூன்றாம் நாள் மகாமகக் குளத்துப் படித்துறையோரம் கை நடுங்கி, சட்டை நனைந்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். எதிர்க் கடை டீ மாஸ்டர் என்னை அறிந்தவர். வழக்கமாகச் சர்க்கரை இல்லாத டீ கொடுப்பவர், அன்று ஒன்றும் கேட்காமல் நாலு கரண்டி போட்டு ஆற்றிக் கொடுத்தார். “மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடப்பீர்களா சார்? உங்களை மாதிரி மாதத்துக்கு ஒருவர் வருகிறார்” என்றார். அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு, சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று எனக்கு முதலில் விளக்கியவர் டீ மாஸ்டர்தான்.

இதையெல்லாம் படிக்கிறவர்கள், ‘பேசாமல் வீட்டில் கிடந்திருக்கலாமே’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் நடைக்கு எதிரி இல்லை, நடந்தே பிழைத்தவன். என் மகள் செவிலியர் படிப்பு படித்தவள். லண்டன் பஸ்காரர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை அவள் படித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்டது. லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே புகை. ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, ஒரு பணிநாளில் ஐந்நூறு அறுநூறு படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிந்தி வந்தது, சாவும் குறைவு. மூன்று வருடம் கழித்து அவர்களுடைய சீருடை அளவுகளைக்கூட எடுத்துப் பார்த்திருக்கிறார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு பெரியது. பருமனானவர்களே டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்ற சந்தேகத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பஸ்ஸை வைத்து ஊருக்கே கணக்குப் போடக் கூடாதுதான். ஆனாலும் என் டிரைவருக்கு 46-இல் வந்த சர்க்கரை எனக்கு 60-இல் வந்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வந்தது.

மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் காலமானார். அந்த ஆராய்ச்சி வந்து எழுபது வருடம் கழித்தும் எங்கள் ஊரில் அவருடைய மருந்து கதவருகே சொல்லும் ஒரு சொல்லாகத்தான் கிடைக்கிறது.

அடுத்தது என் மனைவியின் கதை. அவளுக்கு 57 வயது, சர்க்கரையும் உண்டு, முழங்கால் தேய்மானமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கட்டடத்தில் ஆள் இருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் சர்க்கரை மருத்துவர், “வீட்டு வேலை எல்லாம் கணக்கில் வராது அம்மா, தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்” என்றார். அங்கிருந்து பதினெட்டுப் படி ஏறினால் எலும்பு மருத்துவர். அவர், “படி ஏறக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். இரண்டும் ஒரே கோப்பில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவள் என்னிடம் கேட்டாள்: “இந்த இரண்டு பேரில் யார் பெரிய டாக்டர்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வலி ஜெயித்தது, உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம். எடை ஆறு கிலோ கூடியது, சர்க்கரை கூடியது, முழங்கால் முன்னைவிட மோசமானது. வற்றல் காயவைக்க மாடிக்குப் போவதுகூட நின்றது.

அவளை எழுப்பியது உங்கள் இருவரின் சீட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் அவர் வீட்டுக்கு வந்து போவார். சின்னப் பெண். ஒருநாள் என் மனைவி வாசலில் நின்று, “எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போம்மா” என்று கேட்டாள். அந்தப் பெண் உள்ளே வந்து, கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொன்னது. குளியல் துண்டு ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, “துண்டைத் தரையில் அமுக்குவது போலக் காலை அமுக்குங்கள், ஐந்து எண்ணுங்கள், விடுங்கள். பத்து முறை. காலையிலும் மாலையிலும்” என்றது. பிறகு கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னது. முதல் நாள் இரண்டு முறை எழுந்தாள். “போதும், நாளைக்கு மூன்று. கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் அந்த வலி இருந்தால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, எங்கள் மளிகைக் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

எவ்வளவு, எப்படி, எத்தனை முறை, எங்கே நிறுத்த வேண்டும் என்று அத்தனையும் அந்தக் காலண்டர் தாளில் இருந்தது. உடற்பயிற்சிக்கான மருந்துச் சீட்டு என்று நான் என் வாழ்வில் பார்த்தது அது ஒன்றைத்தான்.

என் மனைவி அதைத் தன் வழியில் மாற்றிக்கொண்டாள். அரிசியைக் குக்கரில் வைத்துவிட்டு நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருவாள். மூன்றாவது விசில் வருவதற்குள் பத்து முடிந்திருக்கும். அதற்கு முன் முப்பது வருடம் விசிலுக்கு எழுந்து நின்றது நான்தான். மூன்று மாதம் கழித்து மாடி ஏறினாள். இப்போது மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்து நிமிடம் கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடந்தால்தான் பலன் என்பதில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்ததும் கணக்கில் சேரும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லிவிட்டதாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. தசை என்ற சொல்லை உங்களில் யார் வாயிலிருந்தும் நான் இதுவரை கேட்டதில்லை. எங்கள் வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

என் அண்ணன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது ‘பளு தூக்கக் கூடாது, ஓய்வு தேவை’ என்று எழுதியிருந்தார்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. நான்கு வருடமாக அவர் தண்ணீர்க் குடம்கூடத் தூக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இதய நோயாளிகளைப் படிப்படியாக உழைப்புக்குத் திருப்புவது சிகிச்சையின் ஒரு பகுதி என்பது உங்கள் பாடம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“சொன்னால் மட்டும் யார் கேட்கிறார்கள்?” என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. எப்படிச் சொன்னால் கேட்கிறார்கள் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலேயே பார்த்தார்கள். சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. உணவிலும் நடையிலும் முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். நடையும் சாப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றிருக்கின்றன, அதுவும் நம் ஆட்களிடம். ஆனால் அங்கே கதவருகே ஒரு சொல்லோடு விட்டுவிடவில்லை. மாதந்தோறும் தொலைபேசியில் கேட்டார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு செய்கிறவர்களிடம், ‘செய்வதையே தொடருங்கள்’ என்றுதான் சொன்னார்கள்.

இந்தக் கடைசி விஷயம் சின்னதில்லை. மருத்துவமனைக் கூடத்தில் என் பக்கத்தில் ஒரு நாள் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் சேறு, காலையில் நடவை முடித்துவிட்டு நேராக வந்தவர். ஐந்து மணி நேரம் குனிந்த முதுகோடு பின்னால் நகர்ந்தவர். உள்ளே போய் வந்தவர் சீட்டிலும் அதே ஊதா முத்திரை. “இதில் என்ன போட்டிருக்கிறது தம்பி?” என்று என்னிடம் கேட்டார். படித்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

எழுதிக் கொடுப்பதால் என்ன மாறும் என்று நியூசிலாந்தில் சோதித்தார்கள். அங்கே இதற்குப் ‘பச்சைச் சீட்டு’ என்றே பெயர். வாயால் மட்டும் சொல்லப்பட்டவர்களையும், அதே அறிவுரையைச் சீட்டில் எழுதி வாங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1998-இல் வந்தது. எழுதி வாங்கியவர்களே கூடுதலாக நடந்தார்கள். 2003-இல் 42 மருத்துவர் நிலையங்களில் 878 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். சீட்டு எழுதி, பிறகு தொலைபேசியில் விசாரித்தவர்களிடம், ஒரு வருடம் கழித்தும் வாரம் இரண்டரை மணி நேரத்தை எட்டியவர்கள் பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடுதலாக இருந்தார்கள். பத்துக்கு ஒன்று அற்பம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கூடத்தில் ஒரு மாலையில் எத்தனை பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் இல்லை என்பது நீங்கள் சொல்லும் அடுத்த பதில். அது உண்மையும்கூட. எனக்கு டோக்கன் 74. உள்ளே நான் இருந்தது ஒரு நிமிடம் நாற்பது வினாடி. உங்களை நெருக்கும் கூட்டத்தை நான் அறிவேன். முகூர்த்த நாளில் தொண்ணூறு பேரை ஏற்றிக்கொண்டு, தாராசுரம் தாண்டுவதற்குள் அத்தனை பேருக்கும் சீட்டுப் போட்டு இன்வாய்ஸ் என்ற டிக்கெட் கணக்குத் தாளை முடித்தவன். ஆனால் கூட்டம் என்று காரணம் சொல்லி ஒருவருக்கு டிக்கெட் கொடுக்காமல் விட்டு, அந்த நேரம் பார்த்து செக்கிங் ஏறிவிட்டால் எனக்கு மெமோ. உங்கள் வண்டியில் செக்கிங் ஏறுவதில்லை.

உங்கள் நேரம்தான் குறைவு. எங்களிடம் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உங்கள் கூடத்தில், தொலைக்காட்சித் தொடருக்கு எதிரே, சும்மா. அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் எங்கள் காலைப் பார்க்கலாம், நைலான் இழையால் தொடலாம், என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே நடக்கிறீர்கள், எந்த மாத்திரை எப்போது என்று கேட்டுக் குறித்து உள்ளே அனுப்பலாம். நடையை விற்க உங்கள் அறை வாசலில் கம்பெனிப் பையோடு காத்திருக்கும் பிரதிநிதி யாரும் இல்லை. அதனால்தான் அது உங்கள் நினைவில் கடைசியில் வருகிறதோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

சாலை சரியில்லை, நாய் இருக்கிறது என்பதற்கெல்லாம் மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயம். அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்துத் தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் அங்கே போகவே நான் இரண்டு பஸ் மாற வேண்டும். சாலையைச் சரிசெய்யும்படி உங்களைக் கேட்கவில்லை. ‘இந்த ஆளுக்கு நடக்க இடம் இருக்கிறதா’ என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். இடம் இல்லாவிட்டால் நாற்காலியும் சுருட்டிய துண்டும் போதும் என்பதை என் மனைவி காட்டிவிட்டாள்.

ஆகவே, நான் கேட்பவை இவை.

முதலில் அந்த ரப்பர் முத்திரையைத் தூக்கி எறியுங்கள். அதற்குப் பதில் மாத்திரைக்கு எழுதும் அதே சீட்டில், அதே கையெழுத்தில், தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், எந்த வேகம். வேகத்தைச் சொல்லக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது என்று சொன்னால் எங்களுக்குப் புரியும். எது வந்தால் நிறுத்த வேண்டும் என்பதையும் அதே வரியில் சேருங்கள்: நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், நடுக்கம்.

சர்க்கரை நோயாளியை நடக்கச் சொல்வதற்கு முன், வருடத்தில் ஒருமுறையாவது செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்தவரானால் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது, கோயிலிலும் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கனத்த காலுறை போட்டுக்கொள்ளட்டும், வெயில் தாழ்ந்து போகட்டும், அல்லது வேறு இடம் பார்க்கட்டும். சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ இன்சுலினோ எழுதினால், நடைக்கு முன் சாப்பிட வேண்டுமா, சட்டைப்பையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டீ மாஸ்டர் எல்லாத் தெருவிலும் இருக்க மாட்டார்.

ஒரே நோயாளியை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் படியுங்கள். பதினெட்டுப் படிதான். ‘கூடாது’ என்று எழுதினால் எந்தத் தேதிவரை கூடாது என்று எழுதுங்கள். உங்களால் முடியாததை இயன்முறை மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர்களைப் பக்கவாதத்துக்கு மட்டும் நினைக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது சர்க்கரை அளவைக் கேட்பதற்கு முன், “எத்தனை நாள் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்குப் பயந்தாவது நாங்கள் செய்வோம். வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கும் சுகாதாரத் தன்னார்வலர்களும் அதே கேள்வியைக் கேட்கும்படி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நடத்தும் உங்கள் சக மருத்துவர்களிடம் சொல்லுங்கள். உங்களில் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்கள், இந்த ஒரு வரியை எழுதப் பிள்ளைகளுக்குத் தேர்வு வையுங்கள்.

கடைசியாக, அந்தச் சீட்டை எழுதிய மருத்துவருக்கு. உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. என் டிரைவர் வருகிற செவ்வாய்க்கிழமை கட்டு மாற்ற உங்களிடம் வருகிறார். கூட நானும் வருகிறேன். காலை ஊன்றாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்கும் இடுப்புக்கும் இடது காலுக்கும் அவர் என்ன செய்யலாம், புண் ஆறியபின் எந்த வாரத்தில் எவ்வளவு தூரம் நடக்கத் தொடங்கலாம் என்று எழுதித் தாருங்கள். பழைய சீட்டைக் கொண்டுவருகிறோம். அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர்,
கும்பகோணம்.